அரசியல் பிடிக்காது, படம் பிடிக்கும்: ஜான் வெய்னை எப்படிப் பார்ப்பது?

2019 பிப்ரவரியில் ட்விட்டரில் திடீரென ஒரு பெயர் டிரெண்ட் ஆனது. ஜான் வெய்ன். புதுப்படம் எதுவும் இல்லை, பிறந்தநாளும் இல்லை. ஆள் இறந்தே அப்போது 40 வருஷம் ஆகப்போகிறது. 1971-ல் 'பிளேபாய்' பத்திரிகைக்கு அவர் கொடுத்த பேட்டியை யாரோ தோண்டி எடுத்துப் போட, படித்தவர்கள் ஆடிப்போனார்கள்.

கறுப்பின மக்கள் பொறுப்பேற்கும் அளவுக்குக் கல்வி பெறும்வரை வெள்ளையர் ஆதிக்கம் இருக்கட்டும் என்பது அதில் அவர் சொன்ன கருத்து. பூர்வகுடிகளிடமிருந்து நிலத்தை எடுத்துக்கொண்டதில் தப்பே இல்லை என்றும் சொல்லியிருந்தார். இது யாரோ திருட்டுத்தனமாக ரெக்கார்ட் பண்ணியது இல்லை. பத்திரிகைக்குத் தெரிந்தே, நிதானமாக உட்கார்ந்து சொன்னது.

சரி, அப்படிப்பட்ட ஒருவரின் படங்களை இன்றைக்கும் ஏன் பார்க்கிறார்கள்? அவர் அரசியலைக் கடுமையாக வெறுத்த இயக்குநர்கள்கூட அவர் படங்களைக் கொண்டாடியது எப்படி? இதற்குப் பதில் தேட, அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

நாய் கொடுத்த பெயர், ஸ்டுடியோ கொடுத்த பெயர்

1907 மே 26. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வின்டர்செட் என்ற சின்ன ஊரில் பிறந்தவர் மேரியன் ராபர்ட் மாரிசன். அப்பா மருந்துக்கடைக்காரர். குடும்பம் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்து, பாலைவன ஓரத்தில் விவசாயம் செய்து பார்த்தது. சரிப்பட்டு வரவில்லை. பிறகு லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் இருக்கும் கிளென்டேலுக்கு வந்தார்கள்.

சிறுவனோடு எப்போதும் ஒரு பெரிய நாய் சுற்றும். அதன் பெயர் டியூக். உள்ளூர் தீயணைப்பு வீரர்கள் நாயைப் பெரிய டியூக், பையனைச் சின்ன டியூக் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். மேரியன் என்ற பெயரைவிட அதுவே அவருக்குப் பிடித்துப்போனது. கடைசிவரை நண்பர்களுக்கு அவர் டியூக்தான்.

அமெரிக்கன் ஃபுட்பால் ஆடியதால் யுஎஸ்சி எனப்படும் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஸ்காலர்ஷிப் கிடைத்தது. கடலில் அலைச்சறுக்கு விளையாடும்போது தோளில் அடிபட, ஆட்டமும் போனது, ஸ்காலர்ஷிப்பும் போனது. ஃபாக்ஸ் ஸ்டுடியோவில் செட் சாமான் தூக்கும் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேதான் இயக்குநர் ஜான் ஃபோர்டின் பழக்கம் கிடைத்தது.

1930-ல் ரவுல் வால்ஷ் இயக்கிய 'தி பிக் டிரெய்ல்' படத்தில் அவர்தான் ஹீரோ. ஜான் வெய்ன் என்ற பெயரை ஸ்டுடியோ ஆட்கள் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். அந்தப் பேச்சில் அவர் இல்லவே இல்லை! அகலத்திரையில் எடுத்த அந்தப் படத்தை அப்படியே திரையிடும் வசதி பெரும்பாலான தியேட்டர்களில் இல்லை. படம் கவிழ்ந்தது.

பத்து வருஷ டிரெயினிங்

அடுத்த பத்தாண்டுகளில் பெரும்பகுதி சின்ன பட்ஜெட் கௌபாய் படங்களில் போனது. வெளியே தோல்வி மாதிரி தெரியும் அந்தக் காலம்தான் அவரை ஆக்‌ஷன் ஹீரோ ஆக்கியது. யாகிமா கனுட் என்ற ஸ்டன்ட் கலைஞரிடம் குதிரை ஏறுவது, விழுவது, சண்டை போடுவது எல்லாம் கற்றுக்கொண்டார். குத்து முகத்தில் படாமலேயே பட்ட மாதிரி கேமராவுக்குக் காட்டும் வித்தையை இருவரும் சேர்ந்து மெருகேற்றினார்கள். கனுட்டின் நடையையும் பேச்சையும் கவனித்துத் தன் ஸ்டைலை வார்த்துக்கொண்டார்.

1939-ல் ஃபோர்டின் 'ஸ்டேஜ்கோச்' வந்தது. சாலை ஓரத்தில் துப்பாக்கியைச் சுழற்றியபடி நிற்கும் அவர் முகத்தை நோக்கி கேமரா வேகமாக நெருங்கும். மாஸ் என்ட்ரி என்று இன்றைக்கு நாம் சொல்வதற்கு அது ஒரு மூத்த உதாரணம். அதற்குப் பிறகு திரும்பிப் பார்க்கவில்லை. தியேட்டர் உரிமையாளர்களிடம் ஆண்டுதோறும் எடுக்கும் வசூல் நட்சத்திரங்கள் பட்டியலில் டாப் 10-க்குள் 25 முறை வந்தார். இது சாதனை.

போருக்குப் போகாத போர் வீரர்

1941 டிசம்பரில் அமெரிக்கா இரண்டாம் உலகப் போருக்குள் இறங்கியபோது வெய்னுக்கு வயது 34, நான்கு குழந்தைகள். ஜேம்ஸ் ஸ்டூவர்ட், ஹென்றி ஃபோண்டா, கிளார்க் கேபிள் என்று பெரிய நட்சத்திரங்கள் ராணுவத்தில் சேர்ந்தார்கள். வெய்ன் போகவில்லை. முதலில் குடும்பப் பொறுப்பைக் காரணம் காட்டி விலக்கு, அப்புறம் அவரை விட மனமில்லாத ரிபப்ளிக் ஸ்டுடியோ வாங்கிக் கொடுத்த விலக்கு. பசிபிக் பகுதி வீரர்களைச் சந்தித்து உற்சாகப்படுத்தப் போனதோடு சரி.

ஆனா 1949-ல் வெளியான 'சாண்ட்ஸ் ஆஃப் ஈவோ ஜிமா'வில் அவர் நடித்த கடற்படைப் பிரிவு சார்ஜென்ட், ஒரு தலைமுறைக்கே ராணுவ வீரன் என்றால் இப்படித்தான் என்ற பிம்பத்தைக் கொடுத்தது. ஆஸ்கர் பரிந்துரையும் வந்தது. போருக்குப் போகாத குற்றவுணர்வு அவரை வாழ்நாள் முழுக்கத் துரத்தியது, பிற்காலத்தின் அதிதீவிர தேசபக்திக்கு அதுவும் ஒரு காரணம் என்று மூன்றாவது மனைவி பிலார் எழுதியிருக்கிறார்.

வேலை பறித்த அரசியல்

அரசியல் கருத்து எல்லாருக்கும் இருக்கும். அதனால் அடுத்தவன் வயிற்றில் அடி விழும்போதுதான் விஷயம் சீரியஸாகிறது. வெய்ன் விஷயத்தில் அது நடந்தது.

1940-களின் கடைசியில் ஹாலிவுட்டில் கம்யூனிஸ்ட் வேட்டை தொடங்கியது. நாடாளுமன்றக் குழு முன் வந்து சக கலைஞர்களின் பெயர்களைச் சொல்ல வேண்டும். மறுத்தால் எந்த ஸ்டுடியோவிலும் வேலை கிடையாது. இந்தக் கறுப்புப் பட்டியலுக்குத் துணைநின்ற அமைப்புகளில் ஒன்று, அமெரிக்க லட்சியங்களைப் பாதுகாக்கும் திரைப்படக் கூட்டணி. 1949-லிருந்து நான்கு ஆண்டுகள் அதன் தலைவர் ஜான் வெய்ன்.

கார்ல் ஃபோர்மன் கதையைப் பாருங்கள். 'ஹை நூன்' படத்தின் திரைக்கதை ஆசிரியர். கொலைகாரர்கள் வருகிறார்கள் என்று தெரிந்தும் ஊரே கைவிட, தனியாக நிற்கும் ஒரு போலீஸ் அதிகாரியின் கதை. அதை எழுதியவரின் நிலைமையும் அதுதான். 1951-ல் படப்பிடிப்பு நேரத்திலேயே விசாரணைக்கு அழைக்கப்பட்டார். பெயர்களைச் சொல்ல மறுத்தார். கடைசியில் இங்கிலாந்துக்குப் போய்விட்டார். இலங்கையில் படமாக்கப்பட்ட 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' படத்துக்கு அவரும் மைக்கேல் வில்சனும் எழுதினார்கள், பெயர் போட முடியவில்லை. திரைக்கதைக்கான ஆஸ்கர் மூல நாவலாசிரியருக்குப் போனது. உரியவர்களுக்கு அந்த விருது வந்து சேர்ந்தபோது இரண்டு பேருமே உயிரோடு இல்லை.

ஃபோர்மன் நாட்டைவிட்டுப் போக உதவியதில் தனக்கு எந்த வருத்தமும் இல்லை என்று வெய்ன் அதே 1971 பேட்டியில் சொன்னார். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 'ஹை நூன்' படத்துக்காக கேரி கூப்பருக்கு ஆஸ்கர் கிடைத்தபோது அவர் விழாவுக்கு வரவில்லை. அவர் சார்பில் மேடை ஏறி விருதை வாங்கியவர் யார் தெரியுமா? இதே ஜான் வெய்ன்!

படம் வேற, ஆள் வேற... நிஜமாவா?

நமக்குப் பிடித்த ஹீரோ பிடிக்காத அரசியல் பேசும்போது சட்டென்று ஒரு வசனம் சொல்லித் தப்பித்துவிடுவோம். படம் வேற, ஆள் வேற. வெய்ன் விஷயத்தில் இது அவ்வளவு ஈஸியா எடுபடாது. தன் அரசியலை அவரே படத்துக்குள் கொண்டுவந்து வைத்தார். அவருடைய மூன்று படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் புரியும்.

முதலாவது, 'தி கிரீன் பெரேஸ்' (1968). வியட்நாம் போரை ஆதரித்து எடுக்கப்பட்ட படம். வெய்னே இணை இயக்குநர். ராணுவம் இடமும் தளவாடங்களும் கொடுத்தது. போரைச் சந்தேகிக்கும் ஒரு பத்திரிகையாளர் மனம் மாறுவதுதான் படத்தின் முக்கியமான இழை. யார் நல்லவன், யார் கெட்டவன் என்பது முதல் காட்சியிலேயே முடிவாகிவிடுகிறது. விமர்சகர்கள் கிழித்தார்கள், வசூல் நன்றாகவே வந்தது. கடைசிக் காட்சியில் வியட்நாம் கடற்கரையில் சூரியன் மறைகிறது. வியட்நாமின் நீண்ட கடற்கரை பெரும்பாலும் கிழக்கைப் பார்த்தது என்பதால் இன்றுவரை கிண்டல் செய்கிறார்கள். படம் பிரசாரமாக மட்டும் ஆனால் என்ன ஆகும் என்பதற்கு இது சாம்பிள்.

இரண்டாவது, 'ரியோ பிராவோ' (1959). 'ஹை நூன்' மீதான கடுப்பில் இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸும் வெய்னும் கொடுத்த பதிலடி இது. உண்மையான அதிகாரி ஊராரிடம் உதவிக்குக் கெஞ்ச மாட்டான் என்பது அவர்கள் வாதம். ஆனா படத்தைப் பார்த்தால் கதை வேறு. ஒரு குடிகாரர், ஒரு நொண்டிக் கிழவர், ஒரு சின்னப் பையன், ஊருக்குப் புதிதாக வந்த ஒரு பெண். இவர்கள் உதவி இல்லாமல் ஹீரோ ஒரு அடி நகர முடியாது. வாதத்துக்காகத் தொடங்கிய படம், நட்பைப் பற்றிய படமாக மாறிவிட்டது. இதை ரசிக்க நீங்கள் எந்தக் கட்சியிலும் இருக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, ஜான் ஃபோர்டின் 'தி சர்ச்சர்ஸ்' (1956). இதில் வெய்ன் நடித்த ஈதன் எட்வர்ட்ஸ், பூர்வகுடிகள்மீது வெறுப்பு முற்றிய மனிதன். கொமான்சே மக்கள் கடத்திப்போன அண்ணன் மகளைப் பல வருஷம் தேடி அலைகிறான். மீட்க இல்லை, அவர்களோடு வாழ்ந்துவிட்டதால் கொல்வதற்கு என்பது போகப்போகத் தெரிகிறது. அந்த வெறுப்பைப் படம் மறைக்கவில்லை. கடைசியில் அவளைக் கையில் தூக்கும் நொடியில் அவன் மாறுகிறான். ஆனா எல்லாரும் வீட்டுக்குள் போக, அவன் மட்டும் வாசலுக்கு வெளியே நின்று, திரும்பி நடக்கிறான். கதவு மூடுகிறது. இப்படி வெறுப்பவனுக்கு வீட்டில் இடமில்லை.

இந்தப் படத்திலும் கோளாறுகள் உண்டு. கொமான்சே தலைவராக நடித்தவர் ஒரு வெள்ளைக்காரர். பூர்வகுடிப் பெண் ஒருத்தியைக் காமெடிக்குப் பயன்படுத்தியது இன்று பார்க்கக் கூசும். ஆனாலும் மார்ட்டின் ஸ்கார்செஸி முதல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் வரை இந்தப் படத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். இடதுசாரியான பிரெஞ்சு இயக்குநர் கோதார், வலதுசாரி வேட்பாளர் கோல்ட்வாட்டரை ஆதரித்த வெய்னை வெறுத்தவர். அந்தப் பெண்ணைத் தூக்கும் காட்சியில் மட்டும் அவரை நேசிக்காமல் இருக்க முடியவில்லை என்று ஒப்புக்கொண்டார். வெய்னுக்கும் இந்தப் பாத்திரம் அவ்வளவு முக்கியம். தன் மகன் ஒருவனுக்கு ஈதன் என்றே பெயர் வைத்தார்.

ஒற்றை வரியில் அடங்காத ஆள்

வெள்ளையர் ஆதிக்கம் பேசியவர் திருமணம் செய்த மூன்று பெண்களும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். 1974-ல் தன்னைக் கலாய்க்கக் காத்திருந்த ஹார்வர்டு மாணவர்களின் அழைப்பை ஏற்று ராணுவக் கவச வண்டியிலேயே போய் இறங்கி, கேலிக் கேள்விகளுக்குச் சிரித்தபடி பதில் சொன்னார். பனாமா கால்வாயை அந்த நாட்டிடமே ஒப்படைக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் ஒப்பந்தம் போட்டபோது, எதிர்முகாம் ஆளான வெய்ன் ஆதரித்தார். நண்பர் ரொனால்ட் ரீகனோடு மோதினார். சொந்த ரசிகர்களிடமிருந்தே வசைக் கடிதங்கள் குவிந்தன.

இதெல்லாம் 1971 பேட்டியைக் கழுவிவிடுமா? விடாது. ஃபோர்மனின் இழந்த வருஷங்களையும் திருப்பித் தராது. ஆனா ஒரு மனிதரைப் பற்றிப் பேசும்போது முழுசாகப் பேச வேண்டும் என்பதற்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1964-ல் நுரையீரல் புற்றுநோய் வந்து ஒரு நுரையீரலை எடுத்தார்கள். நட்சத்திரங்கள் இதையெல்லாம் மூடி மறைத்த காலத்தில் வெளிப்படையாகச் சொன்னார். 'ட்ரூ கிரிட்' படத்துக்காக 1970-ல் ஆஸ்கர் கிடைத்தது. 1976-ல் வந்த கடைசிப் படம் 'தி ஷூட்டிஸ்ட்', புற்றுநோயால் சாகப்போகும் ஒரு துப்பாக்கி வீரனின் கதை. 1979 ஜூன் 11-ல் வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார். வயது 72.

பெயர்ப்பலகை வேறு, திரை வேறு

அதே ஆண்டு கலிஃபோர்னியாவின் ஆரஞ்ச் கவுன்டி விமான நிலையத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். 2020-ல் அந்தப் பெயரை எடுக்கச் சொல்லி உள்ளூர் ஜனநாயகக் கட்சி தீர்மானம் போட்டது. பெயர் மாறவில்லை. ஆனா அவர் படித்த யுஎஸ்சி, மாணவர்களின் எதிர்ப்புக்குப் பிறகு அங்கிருந்த வெய்ன் கண்காட்சியை அகற்ற முடிவு செய்தது.

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். விமான நிலையத்துக்குப் பெயர் வைப்பது ஒரு மனிதருக்கு ஊர் கொடுக்கும் மரியாதை. அவர் யாரை இழிவாகப் பேசினாரோ அவர்களும் அந்த வாசல் வழியாகத்தான் போக வேண்டும். அதனால் அவர்களுக்குக் கேள்வி கேட்க முழு உரிமை இருக்கிறது. படம் பார்ப்பது மரியாதை செலுத்துவது இல்லை. ஃபோர்டு, ஹாக்ஸ், கனுட் என்று பலர் சேர்ந்து செய்த ஒரு வேலையை உட்கார்ந்து பார்ப்பது. அதை ரசித்துவிட்டு, ஹீரோவின் அரசியலோடு சண்டையும் போடலாம். இரண்டையும் ஒரே ஆள் செய்யலாம்.

ரசிப்பதற்காக அவர் சொன்னதை மறக்கத் தேவையில்லை, அவர் சொன்னதற்காகப் பிடித்த காட்சியைப் பிடிக்கவில்லை என்று நடிக்கவும் தேவையில்லை. வெய்னை இதுவரை பார்த்ததே இல்லை என்றால் 'தி சர்ச்சர்ஸ்' படத்திலிருந்து தொடங்குங்கள். கார்ல் ஃபோர்மன் எழுதிய 'ஹை நூன்' படத்தையும் அடுத்த நாளே பார்த்துவிடுங்கள்.