எண்ணி எழுதிய பெரியார் நாகம் ஐயா

ஒரு நாட்டின் செல்வம், கல்வி, தொழில் ஆகியவற்றைப் பற்றி எவர் பேசப் புகுந்தாலும், அந்நாட்டில் மக்கள் எத்தனை பேர் என்னும் வினாவுக்கு முதலில் விடை வேண்டும். பொருளியலுக்கும் சமூக இயலுக்கும் புள்ளி விவரமே அடிப்படை. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் அடங்கியிருந்த பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் அவ்வடிப்படையை உறுதியாக அமைத்தவர் திவான் பேஷ்கார் வி. நாகம் ஐயா அவர்கள். நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் அப்பெரியாரை நினைவுகூர்வது பொருத்தமென்று கருதுகிறோம்.

1850-ஆம் ஆண்டு டிசம்பர் திங்களில் பிறந்த அவர், திருவனந்தபுரம் மகாராஜா இலவசப் பள்ளியில் பயின்று, சமஸ்தான உத்தியோகத்தில் அமர்ந்தார். ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் ஆட்சியில், சேஷையா சாஸ்திரியார் திவானாக விளங்கியபோது, 1875-ஆம் ஆண்டின் குடிமதிப்பு அவர் பொறுப்பில் விடப்பட்டது. அப்போது அவருக்கு வயது 24. பின்னர் 1881, 1891 ஆண்டுகளின் குடிமதிப்புகளையும் அவரே நடத்தினார்.

அப்பணியின் அருமையை எண்களே கூறும். 1836-இல் 12,80,668 என்றிருந்த மக்கள்தொகை, 1854-இல் 12,62,647 எனக் குறைந்து காணப்பட்டது. 1875-இலோ அது 23,11,379 ஆயிற்று. இருபத்தோர் ஆண்டுகளில் பிறப்பினால் மட்டும் ஒரு நாடு இவ்வளவு பெருகாது. முந்தைய கணக்குகளில் விடுபட்டோர் பலர் என்பதே தெளிவு. 1881-இல் வந்த 24,01,158 என்னும் தொகை 1875-இன் கணக்கோடு இசைந்து நின்றது.

1855-இல்தான் அடிமை முறை ஒழிக்கப்பட்ட நாடு அது. அங்கே மாளிகையில் வாழ்வோரும் குடிசையில் வாழ்வோரும் கணக்கேட்டில் ஆளுக்கு ஒன்றாகவே எண்ணப்பெற்றனர். எழுதப் படிக்கத் தெரிந்தோர் நூற்றுக்கு ஆறு பேர்கூட இல்லை என்னும் கசப்பான உண்மையும் 1875-இல் வெளிப்பட்டது. 2011-இல் கேரளத்தில் எழுத்தறிவு நூற்றுக்கு 94 என்று நாம் மகிழ்கிறோமே, அது எவ்வளவு தொலைவு நடந்த நடை என்பதை அந்தப் பழைய எண்ணே காட்டுகிறது.

தாம் திரட்டிய செய்திகளையெல்லாம் தொகுத்து, 1906-இல் மூன்று பாகங்களாகத் 'திருவிதாங்கூர் ஸ்டேட் மானுவல்' என்னும் பெருநூலை வெளியிட்டார். 1917-இல் மறைந்தார்.

கணக்கின் வலிமையை நம் எல்லைப்புறம் நன்கறியும். நெய்யாற்றின்கரையும் தமிழ்நாட்டோடு சேரவேண்டுமென்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரியது. 1955-இல் அறிக்கை தந்த மாநிலச் சீரமைப்புக் குழு, தாலுகாதோறும் தமிழ் பேசுவோர் விகிதத்தை நோக்கியது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவை சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. தாலுகாவின் மொத்தத் தொகையில் எல்லையோரச் சிற்றூர்களின் தமிழ் வீடுகள் கரைந்து போயின. கூட்டுத்தொகை பொய் சொல்வதில்லை. ஆயினும் முழுதும் சொல்வதுமில்லை.

பதிவேடும் பேரேடுமாகப் பொழுதைக் கழிக்கும் நம்மைப் போன்ற எழுத்தர்கள், ஓர் எண்ணுக்குப் பின்னே ஓர் உயிர் நிற்கிறது என்பதை நாகம் ஐயா அவர்களிடம் கற்கலாம். குடிமதிப்பு அலுவலர் வாயிலில் வந்து நிற்கும்போது, அவசரத்தில் அயலார் எவரோ சொன்னபடி எழுதவிடாமல், வீட்டிலுள்ளோர் அனைவரின் பெயரையும் வயதையும் கல்வியையும் தாய்மொழியையும் உள்ளபடி கூறி, எழுதியதைச் சரிபார்ப்போமாக. அதுவே அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன்.