அடுப்பங்கரையில் பாடம் கற்ற விஞ்ஞானி

அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் ஒரு பண்ணை. அங்கே 1864-ம் ஆண்டு வாக்கில் ஓர் அடிமைப் பெண்ணுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தைதான் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்.

தாயையும் குழந்தையையும் கொள்ளையர்கள் கடத்திச் சென்றார்கள். குழந்தை மட்டும் மீட்கப்பட்டது. தாய் திரும்பி வரவே இல்லை.

பண்ணைக்காரர் மோசஸ் கார்வரும் அவர் மனைவி சூசனும் சிறுவனை வளர்த்தார்கள். அவன் நோஞ்சான். கடுமையான வயல் வேலைக்கு உடம்பு இடம் கொடுக்கவில்லை. ஆகவே சூசன் அவனுக்குச் சமைக்கவும், தைக்கவும், துணி வெளுக்கவும் கற்றுக் கொடுத்தார். பிறகு வெளியூர்களில் படித்தபோது இந்த வேலைகள்தான் அவனுக்குச் சோறு போட்டன.

படித்துப் பட்டம் பெற்ற கார்வர், 1896-ல் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி கல்விக்கூடத்தில் விவசாய ஆசிரியர் ஆனார். சுற்றிலும் கறுப்பின ஏழைக் குடியானவர்கள். பருத்தியையே போட்டுப் போட்டு நிலம் சத்து இழந்திருந்தது. கடனோ தீரவில்லை. சாப்பாடு சோள ரொட்டியும், உப்பிட்ட பன்றிக் கொழுப்பும், பாகும்தான்.

காராமணியும் நிலக்கடலையும் பயிரிடச் சொன்னார் கார்வர். அவை மண்ணுக்குத் தழைச்சத்து தரும். வீட்டாருக்கும் சத்துணவு ஆகும்.

விளைந்த கடலையை என்ன செய்வது? அதற்கும் வழி சொன்னார். சூப், ரொட்டி, கேக், மிட்டாய் என்று 105 பக்குவங்களை எழுதி, 1916-ல் சிறு நூலாக வெளியிட்டார்.

கார்வர் திருமணம் செய்து கொள்ளவில்லை. சேமித்த பணத்தையும் ஆராய்ச்சிக்கே கொடுத்தார். 1943 ஜனவரி 5-ல் காலமானார்.

தாயின் கைச்சோறு உண்ணக் கொடுத்து வைக்காத பிள்ளை அவர். ஏழைத் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளுக்கு நல்ல சோறு போட வழி காட்டினார்!