மெக்கானிக் ஹென்றி ராய்ஸ்

ரோல்ஸ்-ராய்ஸ் என்னும் பெயரைக் கேளாதார் அரியர். மன்னரும் செல்வரும் ஊர்ந்த அவ்வண்டியை ஆக்கிய ஹென்றி ராய்ஸ் வறுமையில் வளர்ந்தவர் என்பதைப் பலர் அறியார்.

1863-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் நாள் இங்கிலாந்தில் ஆல்வால்ட்டன் என்னும் சிற்றூரில், மாவு ஆலை நடத்தியவரின் மகனாக அவர் பிறந்தார். ஒன்பதாம் வயதில் தந்தையை இழந்தார். செய்தித்தாள் விற்றும், தந்தி கொண்டு சேர்த்தும் பிழைத்தார். அத்தை ஒருவர் பணம் கட்டி, பீட்டர்பரோ நகர் ரயில்வே பணிமனையில் தொழில் பயில உதவினார். ரயில்வே ஊழியனாகிய எனக்கு இஃது ஒரு தனி மகிழ்ச்சி. ஆயினும் மூன்றாண்டுகளில் பணம் தீர்ந்தது. பயிற்சியும் பாதியில் நின்றது.

1884-இல் மான்செஸ்டரில் நண்பர் கிளேர்மாண்ட்டுடன் மின்சாரக் கருவிகள் செய்யும் பட்டறை தொடங்கினார். தாம் வாங்கிய பிரெஞ்சு மோட்டாரின் குறைகளைப் பொறாது, 1904-இல் தாமே வண்டி செய்தார். அவ்வாண்டே சார்லஸ் ரோல்ஸின் நட்பு வாய்த்தது. 1906-இல் இருவர் பெயரும் இணைந்த கம்பெனி நிறுவப்பட்டது.

அக்காலச் சாலைகளோ கல்லும் குழியும். பின்புற ஸ்பிரிங் விறைத்தால் பயணியின் எலும்பு நோகும். இளகினால் வண்டி தள்ளாடும். ஒருவர் அமர்ந்தாலும் ஐவர் அமர்ந்தாலும் அது செவ்வனே தாங்க வேண்டும். 1907-இல் புகழ் பெற்ற சில்வர் கோஸ்ட் வண்டியில், பக்கத்துப் பட்டைகள் இரண்டையும் பின்னே ஒரு குறுக்குப் பட்டை இணைத்தது. புகழ் வந்ததென்று ராய்ஸ் ஓயவில்லை. அவ்வமைப்பை மாற்றினார், மீண்டும் மாற்றினார். 1912-இல், நடுவே சட்டத்தில் ஊன்றிப் பின்முனையால் அச்சைப் பற்றும் நீண்ட பட்டைகளை அமைத்தார்.

டெர்பி பணிமனையில் குலுக்கும் யந்திரம் ஒன்றும் இருந்தது. சக்கரங்களின் கீழே மேடு வைத்த உருளைகள் சுழலும். வண்டி நின்ற இடத்திலேயே துள்ளும். நெடுநாட் பயணத்தில் நேரும் முறிவு விரைவில் வெளிப்படும். எது முறிந்ததோ அது திருத்தப்பெறும், மீண்டும் குலுக்கப்பெறும். முறியும் எல்லையைக் காணாமல் எதையும் நம்பலாகாது என்பதே அவர் கொள்கை.

ஆனால் பட்டைகளின் தாங்குதிறனை அளந்தவர் தம் உடலின் எல்லையை அளந்தாரில்லை. உணவையும் உறக்கத்தையும் மறந்து உழைத்தமையால் 1911-இல் உடல் தளர்ந்தது. அடுத்த ஆண்டு பெரிய அறுவைச் சிகிச்சை நிகழ்ந்தது. அதன்பின் பணிமனைக்குத் தொலைவில், கடற்கரை இல்லங்களில் தங்கியே பணி தொடர்ந்தார். சோதனை வண்டிகள் அவரிடம் கொண்டு வரப்பட்டன. ஊர்ந்து பார்த்துக் குறை கூறுவார்.

1930-இல் அரசாங்கம் பட்டம் வழங்கியது. அவரோ தம்மை மெக்கானிக் என்றே சொல்லிக்கொண்டார். 1933 ஏப்ரல் 22-இல் மறைந்தார். அவர்தம் உழைப்பை நாம் பின்பற்றுவோம். உடலைப் பேணாமையை மட்டும் விலக்குவோம்.