பெர்னார்டு பலிஸி என்னும் குயவர்

நம் வீடுகளிலே மண்ணாற் செய்த கலங்கள் இருவகையாய் இருத்தலைக் காண்கிறோம். ஒன்று தண்ணீர்ப் பானை. மற்றொன்று ஊறுகாய்ச் சாடி. கயத்தாற்று வெயிலில் வழிநடந்து வந்தவனுடைய தாகத்தைத் தீர்க்கும் பானை தன் மேனி எங்கும் நுண்ணிய துளைகளை உடையது. அத்துளைகளின் வழியே கசியும் நீர் ஆவியாய்ப் போகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தையும் கவர்ந்து செல்வதனாலேயே பானைநீர் குளிர்கின்றது. சாடியோ கசிவதில்லை, உப்பும் புளிப்பும் எண்ணெயும் அதன் மண்ணில் ஊறுவதில்லை. இவ்வேற்றுமைக்குக் காரணம் சாடியின்மேற் படிந்துள்ள மெருகே. மணலும் காரமும் சில உலோகப் பொடிகளும் சூளைத் தீயில் உருகி, மண்ணோடு பிரிவறப் பற்றிக்கொண்ட கண்ணாடித் தோலே மெருகு எனப்படுவது.

தென்பாண்டி நாட்டுக் குயவர் மிகப் பழைய காலந்தொட்டே கைத்திறன் வாய்ந்தவர். ஆதிச்சநல்லூரில் 1876-ஆம் ஆண்டில் யாகோர் என்னும் ஜெர்மானியரும், 1899 முதல் அலெக்ஸாண்டர் ரீ என்பவரும் அகழ்ந்தெடுத்த தாழிகளும், கறுப்பும் சிவப்புமான கலங்களும் இதற்குச் சான்று. அக்கலங்களின் பளபளப்பு தேய்த்து வழவழப்பாக்கியதனால் வந்தது. கண்ணாடி மெருகினால் வந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதுரையிலே பச்சையும் பழுப்புமான மெருகிட்ட நீர்க்குடுவைகள் செய்யப்பட்டமையை இந்தியக் கைத்தொழில்களைப் பற்றி 1880-இல் நூல் வெளியிட்ட பேர்ட்வுட் என்பவர் பாராட்டியிருக்கிறார். ஆயினும் நம் நாட்டுக் குயவருட் பெரும்பாலோர் மெருகிடாத கலங்களையே வனைந்து வந்தனர். மெருகின் பக்குவத்தை அறிய ஒருவன் எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது என்பதையும், அறிந்ததைப் பிறர்க்கு உரைப்பதா மறைப்பதா என்னும் வினா அவனை எவ்வாறு வருத்திற்று என்பதையும் பெர்னார்டு பலிஸியின் சரித்திரத்தைப்போல் விளக்குவது பிறிதொன்றில்லை. ஆதலின் அதனை ஈண்டுச் சுருக்கி எழுதப் புகுந்தோம்.

பலிஸி 1510-ஆம் ஆண்டளவில் பிரான்ஸு தேசத்தின் தென்மேற்குப் பகுதியிலே எளிய குடும்பத்திற் பிறந்தார். கண்ணாடிச் சாளரங்களில் வண்ணச் சித்திரம் அமைப்பதே அவர் கற்ற முதல் தொழில். நிலம் அளந்து படம் வரையவும் அவர் பழகியிருந்தார். இலத்தீனும் கிரேக்கமும் அவருக்குத் தெரியா. இளமையில் ஊர் ஊராய்ச் சென்று பல மாகாணங்களின் மண்ணையும் கல்லையும் ஊற்றையும் உற்றுநோக்கிய பின்னர், 1540-ஆம் ஆண்டை அடுத்து ஸேந்த் என்னும் ஊரிலே மனைவி மக்களோடு குடியமர்ந்தார். கண்ணாடிச் சித்திரத் தொழில் அப்பொழுது நலிந்துகொண்டிருந்தது. நில அளவையால் வந்த கூலியும் நிலையானதன்று.

அந்நாளில் வெண்மையான மெருகிட்ட மட்கிண்ணம் ஒன்று அவர் பார்வைக்கு வந்தது. அதன் அழகைக் கண்ட கணமே, இத்தகைய மெருகைத் தாமும் செய்யவேண்டும் என்னும் வேட்கை அவர் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது. மண்ணைப் பிசையவும் அவர் அறியார். சூளை வைக்கவும் அறியார். இத்தாலியரும் பிறரும் அறிந்திருந்த அப்பக்குவத்தை அவருக்குச் சொல்லிக் கொடுப்பார் ஒருவரும் இல்லை. தொழில் தெரிந்தவர் அதனைத் தம் குடும்பச் சொத்தாகக் காத்தனர். எனவே இருட்டில் வழி தடவுவான்போலத் தொடங்கினார்.

ஆயினும் அவர் தொடங்கிய முறை நாம் கவனிக்கத்தக்கது. மட்கலங்களை விலைக்கு வாங்கி உடைத்து ஓட்டுத் துண்டுகளாக்கினார். தமக்குத் தோன்றிய சரக்குகளைத் தனித்தனியே அரைத்துக் கலந்து ஒவ்வோர் ஓட்டிலும் ஒரு கலவையைத் தடவினார். ஓடுகளுக்கு அடையாளமிட்டு, எதில் எது எவ்வளவு சேர்ந்தது என்பதைக் குறித்து வைத்தார். பின்பு அவற்றைச் சூளையிலிட்டுச் சுட்டு, உருகியது எது, உருகாதது எது என்று ஒப்புநோக்கினார். இக்காலத்து இரசாயனசாலை மாணவர் செய்வதும் இதுவேயன்றோ?

முதலிற் கட்டிய சூளைகள் பயன்படவில்லை. பின்பு முந்நூற்றுக்கு மேற்பட்ட ஓடுகளை ஏறக்குறைய நான்கு மைல் தொலைவிலிருந்த ஒரு குயவர் சூளைக்கு அனுப்பினார். அவற்றில் ஒன்றேனும் உருகவில்லை. சாதாரணப் பானைச் சூளையின் தீ மெருகை உருக்கப் போதாது என்பதை அவர் அப்பொழுது அறிந்திலர். கையிற் பொருள் அற்றபோது முயற்சியைச் சிலகாலம் நிறுத்தினார். 1543-ஆம் ஆண்டளவில், உப்பு வரியின் பொருட்டு ஸேந்த் நாட்டுக் கடற்கரை உப்பளங்களை அளந்து படம் வரையும் வேலை அவருக்குக் கிடைத்தது. தூத்துக்குடியின் உப்பளப் பாத்திகளை அறிந்த நமக்கு அவ்வேலையின் கடுமை எளிதில் விளங்கும். அதனால் வந்த கூலியைக் கொண்டு மீண்டும் ஓடுகளிடம் திரும்பினார்.

இம்முறை பானைச் சூளையை விட்டுக் கண்ணாடி உருக்கும் உலைக்குத் தம் ஓடுகளைக் கொண்டு சென்றார். அங்கே சில கலவைகள் உருகத் தொடங்கின. ஆயினும் வேண்டிய வெண்மை வரவில்லை. மேலும் இரண்டு ஆண்டுகள் இவ்வாறே கழிந்தன. இறுதியாக முந்நூற்றுக்கு மேற்பட்ட கலவைகளை எடுத்துச் சென்றபோது, அவற்றுள் ஒன்று நான்கு மணி நேரத்திற்குள் உருகி வெண்மையும் பளபளப்புமாய்க் குளிர்ந்தது. அந்த ஓட்டைக் கையில் ஏந்தியபோது தாம் புதுப்பிறவி எடுத்ததாகவே அவர் மகிழ்ந்தார்.

ஓட்டில் வந்தது கலத்தில் வரவேண்டுமே! கண்ணாடி உலையைப்போன்ற சூளை ஒன்றைத் தம் கையாலேயே கட்டினார். ஆள் வைக்கப் பணமின்மையால் செங்கலைத் தம் முதுகிற் சுமந்தார். நீரும் தாமே இறைத்தார். சரக்குகளை ஒரு மாதத்திற்கு மேலாக இரவும் பகலும் அரைத்தார். சூளை மூட்டி ஆறு நாள் ஆறு இரவு விறகிட்டும் மெருகு உருகவில்லை. உருக்கும் சரக்குக் குறைந்தது என்று கருதிப் புதிய கலவை அரைத்துப் புதிய கலங்களை வாங்கிப் பூசிச் சூளையில் வைத்தார். அவ்வேளையில் விறகு தீர்ந்துவிட்டது. தோட்டத்துக் கொடிகளைத் தாங்கிநின்ற கால்களைப் பிடுங்கி எரித்தார். அவையும் தீரவே வீட்டு மேசைகளையும் தரையிற் பாவிய பலகைகளையும் பெயர்த்துத் தீயிலிட்டார். அயலார் அவரைப் பித்தர் என்றனர். கள்ள நாணயம் அடிப்பவர் என்றுங் கூறினர். கடன்காரர் வாயிலில் நின்றனர். வீட்டிலோ ஆறுதல் மொழி இல்லை. அவர் மனைவியைக் குறைகூறுதல் எளிது. ஆயின் குழந்தைகள் பசித்திருக்க, வீட்டுத் தரை எரிவதைக் கண்ட ஒருத்தியின் துயரத்தையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டபின்னும் துன்பம் ஓயவில்லை. உதவிக்கு வைத்த குயவனுக்குக் கூலி கொடுக்க இயலாமல் தம் உடைகளையே கொடுத்து அனுப்பினார். மற்றொரு முறை சூளையிற் பூசிய சாந்திலிருந்த சிறு கற்கள் வெப்பத்தால் வெடித்துச் சிதறி, உருகிய மெருகிற் பதிந்து கலங்களைக் கரடுமுரடாக்கின. குறைந்த விலைக்கு அவற்றைக் கேட்டு வந்தாரும் உளர். குறையுள்ள கலத்தை விற்றுத் தம் தொழிலின் பெயரைக் கெடுக்க விரும்பாது அனைத்தையும் உடைத்தெறிந்தார். பின்னொரு முறை தீயின் வேகத்திற் பறந்த சாம்பல் மெருகின்மேல் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பரிகாரமாகக் கலங்களை மட்கூடுகளுக்குள் வைத்துச் சுடும் முறையைக் கைக்கொண்டார். ஒரே சூளையில் ஒரு நிறம் உருகுமுன் மற்றொரு நிறம் கருகுவதைத் தடுக்கக் கற்றார். இவ்வாறு பதினைந்து பதினாறு ஆண்டுகள் சென்றன. இவ்வரலாற்றை நாம் அறிவது அவரே பிற்காலத்தில் எழுதிவைத்த நூலினாலேயாம்.

முடிவில் வெற்றி கிட்டிற்று. பாம்பு, தவளை, மீன், சிப்பி, இலை ஆகியவற்றை உள்ளபடியே அச்செடுத்து, இயற்கை நிறங்களோடு மெருகிட்டு அவர் செய்த தட்டுகள் பிரபுக்களின் மனத்தைக் கவர்ந்தன. மான்மொரான்சி என்னும் பெரும் பிரபு அவரை ஆதரித்தார். சீர்திருத்த சபையைச் சேர்ந்தவராதலின், 1562-இல் மதப்போர் மூண்டபோது பலிஸி சிறைப்பட்டார். அவருடைய தொழிற்சாலையும் பாழாக்கப்பட்டது. அரசருடைய கலைஞர் என்னும் பட்டமே அவரை விடுவித்தது. பின்பு அரசமாதா காதரீன் தெ மெடிஸியின் துய்லெரி அரண்மனைத் தோட்டத்தில் ஒரு குகைமண்டபம் அமைக்குமாறு பாரிஸுக்கு அழைக்கப்பட்டார். 1980-ஆம் ஆண்டுகளில் லூவர் அருகே நிகழ்ந்த அகழ்வில் அவர் தொழிற்சாலையின் சூளைகளும் அச்சுகளும் வெளிப்பட்டன.

1575 முதல் பலிஸி செய்த காரியம் மிகவும் வியக்கத்தக்கது. பாரிஸின் நாற்சந்திகளில் விளம்பரம் ஒட்டி, மண், கல், ஊற்று, உலோகம் என்பவற்றைப் பற்றித் தாம் கண்டறிந்தவற்றைப் பிரசங்கிக்கத் தொடங்கினார். கேட்க வருவோர் ஒரு பொற்காசு தரவேண்டும். அவர் கூறியது பொய்யென்று மெய்ப்பிப்பாருக்கு நான்கு மடங்கு திருப்பித் தரப்படும் என்பது நிபந்தனை. அம்புரோஸ் பாரே போன்ற புகழ்பெற்ற வைத்தியர்கள் அவையில் அமர்ந்து, இலத்தீன் அறியாத குயவரின் உரையைக் கேட்டனர். மலைப்பாறையிற் காணப்படும் சிப்பிகள் உண்மையாகவே உயிர்வாழ்ந்த பிராணிகளின் எச்சம் என்றும், ஊற்றுநீர் யாவும் மழையினின்றே வருகிறது என்றும் அவர் நிறுவினார். முத்துச்சிப்பிக் குவியலையும், மழையை நம்பிய கண்மாய்களையும் கண்டு வளர்ந்த நம்மவர்க்கு இவை எளிய உண்மைகளாகத் தோன்றலாம். அக்காலத்துப் பேராசிரியர் பலர் இவற்றை மறுத்தனர்.

நிற்க, 1580-இல் அவர் வெளியிட்ட நூலில் மெருகைப் பற்றிய பகுதி ஓர் உரையாடலாக அமைந்துள்ளது. ஏட்டறிவு என்பது வினாவும். கைப்பழக்கம் என்பது விடையிறுக்கும். மெருகின் இரகசியத்தைத் தருமாறு ஏட்டறிவு வேண்டுகிறது. வைத்தியமும் உழவும் போன்றவற்றின் இரகசியங்களை மறைத்தல் தகாது என்று ஒப்புக்கொள்ளும் கைப்பழக்கம், தன் தொழிலின் இரகசியத்தை மட்டும் எளிதில் விட மறுக்கிறது. எல்லாரும் செய்யத் தொடங்கியதனால் விலையிழந்து போன கண்ணாடித் தொழிலைச் சான்றாகக் காட்டுகிறது. முடிவில் வெள்ளீயம், காரீயம், மிருதார்சிங்கி, இரும்பு, செம்பு, அஞ்சனக்கல், மணல், பூண்டுச் சாம்பல் எனச் சரக்குகளின் பெயரைச் சொல்லிவிடுகிறது, அளவைச் சொல்லவில்லை. தேடுவோர் தம்மைப்போல் பட்டே அறியட்டும் என்பது பலிஸியின் கருத்து.

பட்ட துன்பத்தை எண்ணும்போது அவரைக் குறைகூற எமக்கு நா எழவில்லை. அவருக்கு வேறு சொத்து இல்லை. ஆயினும் விளைவு யாது? முதுமையில் மீண்டும் மதத்தின் பொருட்டுச் சிறைப்பட்டு, பாஸ்தீல் கோட்டையிலே 1590-ஆம் ஆண்டளவில் இறந்தார். அவரைப் பின்பற்றிச் சிலர் செய்த கலங்கள் சிலகாலம் வழங்கினும், அத்தொழில் நாளடைவில் மறைந்தது. இரண்டரை நூற்றாண்டுக்குப் பின்னர் தூர் நகரத்து அவிஸோ என்னும் குயவர் அதே பக்குவத்தை மீளக் காணும்பொருட்டுப் பல்லாண்டு உழைத்து, 1843-ஆம் ஆண்டளவில் வெற்றி பெற்றார். ஒருவர் அளவுகளை எழுதாது போனமையால் மற்றொருவர் தம் வாழ்நாளின் சிறந்த பகுதியைச் செலவிட வேண்டியதாயிற்று.

பின்வந்தோர் வழி வேறாயிற்று. இங்கிலாந்தின் வெட்ஜ்வுட் 1759 முதல் தம் சோதனைகளை எண்ணிட்டுக் குறித்தார். கலவைகளை அவரும் மறைத்தாரேனும், சூளையின் வெப்பத்தை அளக்கத் தாம் கண்ட கருவியை 1782-இல் இராயல் சங்கத்தார்க்கு விளக்கினார். ஜெர்மனியின் ஸேகர், மெருகின் சேர்க்கையை எண்களால் எழுதும் முறையையும், குறித்த வெப்பத்தில் வளையும் மட்கூம்புகளையும் 1886-இல் வெளியிட்டார். உலகெங்கும் குயவர் ஒருவரோடொருவர் பேசுதற்கு அவை பொதுமொழி ஆயின. சென்னையில் 1850-இல் ஹண்டர் என்னும் வைத்தியர் தொடங்கிய கலைப்பள்ளியும் மட்கலத் தொழிலைப் பாடமாக்கிற்று. அதுவே இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. அறிவைப் பகிர்ந்தமையாற் கிடைத்த நன்மைகளுள் ஒன்றை மட்டும் குறிப்போம். காரீயம் சேர்ந்த மெருகு புளிப்புப் பட்டாற் கரைந்து உணவை நஞ்சாக்கக்கூடும். பலர் தம் சோதனைகளை வெளியிட்டமையால் இவ்வுண்மை நிலைபெற்றது. இன்று உணவுக் கலங்களுக்குக் காரீயமில்லாத மெருகையே பயன்படுத்த வேண்டும் என்கின்றனர். இரகசியமாகவே இருந்திருந்தால் அந்நஞ்சும் இரகசியமாகவே இருந்திருக்கும்.

மாணவ நண்பர்காள், எந்தக் குளத்து மண்ணோடு எந்த மணலைச் சேர்த்தாற் பானை வெடியாது, மழைக்காலச் சூளைக்கு எத்துணை வைக்கோலும் விறகும் வேண்டும் என்பன போன்றவை நம் பக்கத்துக் குயவர் கையிலும் நாவிலும் இருக்கின்றன, ஏட்டில் ஏறவில்லை. அவர்தம் பிள்ளைகள் பிற தொழில்களை நாடுகின்றனர். விடுமுறையில் ஊருக்குச் செல்வோர் முதியவர் ஒருவரை வணங்கிக் கேட்டு, அவர் இசைவோடும் அவர் பெயரோடும், மண்ணும் அளவும் நாளும் தவறிய சூளையும் உட்பட எழுதி வருவாராயின், அக்குறிப்பு இவ்விதழில் இடம் பெறத்தக்கது. சொல்ல விரும்பாதாரை வற்புறுத்த வேண்டா; அவர் பிழைப்பு அதில் இருக்கிறது. எழுதும்போது பலிஸியைப்போல் ஒவ்வோர் ஓட்டுக்கும் அடையாளமிடுக. அவர் எழுதாது விட்ட அளவையும் மறவாது எழுதுக.