கந்தையில் கண்ட கலைச்செல்வம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

கந்தையானாலும் கசக்கிக் கட்டவேண்டும் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். ஆனால் அந்தக் கந்தையும் நைந்து, கட்டுவதற்கே உதவாமல் போனபின் அதன் கதி என்ன? சில நாள் அடுப்படியில் கரி பிடிக்கும்; சில நாள் திண்ணை துடைக்கும்; பிறகு குப்பைக்குப் போகும். அந்தக் கடைசி நிலையில் இருந்த துணியிலே ஒரு நாட்டின் கலையைக் கண்டு, அதைத் தேடித் தேடிச் சேர்த்து, வருங்காலத்தவர்க்கு வைத்துச் சென்றவர் ஒருவர் உண்டு. அவர் ஓவியர் அல்லர், தையற்கலைஞரும் அல்லர். ஆங்கிலேயர் ஆட்சியில் மாவட்டங்களை நிர்வகித்த ஐ.சி.எஸ். அதிகாரி. அவரே வங்கம் தந்த குருசதய் தத். பருத்தியும் தறியும் ஆலையும் சூழ்ந்த கொங்கு நாட்டில் வாழும் நாம் அவர் வரலாற்றை அறிந்துகொள்வது பெரும்பயன் தரும் என்று கருதியே இதனை எழுதத் துணிந்தேன்.

இளமையும் கல்வியும்

குருசதய் தத் 1882-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் நாள் சில்ஹட் பகுதியில் பீரஸ்ரீ என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று வங்காள தேசத்தில் உள்ளது. வசதியான குடும்பந்தான், ஆயினும் சிறுவயதிலேயே தந்தையையும் தாயையும் அடுத்தடுத்து இழந்தார். கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பயின்றபின், தம் மாவட்டத்தார் நடத்திய சங்கத்தின் உதவியுடன் இங்கிலாந்து சென்றார். அங்கே ஐ.சி.எஸ். தேர்விலும் சட்டத் தேர்விலும் சிறப்பாகத் தேறி, 1905-இல் தாயகம் திரும்பிப் பதவியேற்றார். ஊர் கூடி அனுப்பிய பிள்ளை ஊரை மறக்கவில்லை என்பதை அவருடைய பிற்கால வாழ்வு காட்டுகிறது.

இல்லற விளக்கு

1906-இல் அவர் சரோஜ நளினி அம்மையாரை மணந்தார். இந்த அம்மையாரைச் சொல்லாமல் தத்தின் வரலாற்றைச் சொல்ல இயலாது. கணவர் மாற்றலாகிச் சென்ற ஊர்களிலெல்லாம் வீட்டுக்குள் அடைந்துகிடந்த பெண்களைச் சந்தித்து, அவர்களை ஒன்றுசேர்த்தார். 1913-இல் பப்னா என்னும் ஊரில் மகளிர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். அதைப் பின்பற்றி வேறு ஊர்களிலும் சங்கங்கள் தோன்றின. உடல்நலம், குழந்தை வளர்ப்பு, கல்வி, கைத்தொழில் ஆகியவை அங்கே பேசப்பட்டன.

1925-இல், 37 வயதிலேயே அம்மையார் காலமானார். தத் சோர்ந்து உட்கார்ந்துவிடவில்லை. அதே ஆண்டில் மனைவியின் பெயரால் ஒரு சங்கம் நிறுவி, அவர் தொடங்கிய பணியை வங்கமெங்கும் பரப்பினார். அம்மையாரின் வாழ்க்கை வரலாற்றையும் தாமே எழுதினார். தாகூரின் முன்னுரையோடு அந்நூல் 1929-இல் இலண்டனில் வெளியாயிற்று. கிராமத்துப் பெண்களின் கைகள் என்ன செய்யவல்லவை என்பதை அவர் தம் மனைவியின் கண்கொண்டே முதலில் பார்த்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

அதிகாரமும் மனச்சான்றும்

1928-இல் அவர் ஹௌரா மாவட்டத்தில் பொறுப்பில் இருந்தபோது, பாமங்காச்சி என்னுமிடத்தில் வேலைநிறுத்தம் செய்த இரயில்வே தொழிலாளர் மீது போலீசார் துப்பாக்கியால் சுட்டனர். அரசின் அதிகாரியாக இருந்தும், போலீசாரின் செயல் தவறு என்று தத் எழுதினார். அதன்பின் அவர் மைமன்சிங் மாவட்டத்துக்கு மாற்றப்பட்டார்.

அந்த மாற்றல் வங்கத்தின் கலைக்கு நல்ல காலமாயிற்று! மைமன்சிங்கிலும் பிறகு பீர்பூமிலும் கிராமம் கிராமமாகச் சுற்றிய அவர், படித்தவர்கள் ஏளனமாக ஒதுக்கிய ஆடல்களையும் பாடல்களையும் கண்டார். பழைய போர்நடனமான ராய்பேன்ஷே அழியும் நிலையில் இருந்ததைக் கண்டு அதற்குப் புத்துயிர் ஊட்டினார். 1931-இல் கிராமியச் செல்வங்களைக் காக்க ஒரு சங்கம் அமைத்தார். 1932-இல் தாம் சேர்த்த நாட்டுப்புறக் கலைப்பொருள்களைக் கல்கத்தாவில் காட்சிக்கு வைத்தார். உடலுழைப்பையும் ஆடல்பாடலையும் இணைத்த பிரதசாரி இயக்கமும் அவ்வாண்டில்தான் பிறந்தது.

காந்தா என்னும் கந்தை

அவர் சேர்த்த பொருள்களுள் ஓவியச்சுருள்கள், மரச்சிற்பங்கள், சுடுமண் பலகைகள், பொம்மைகள் எனப் பலவகை உண்டு. ஆயினும் அவற்றுள் சிறப்பிடம் பெறுவது ‘காந்தா’ என்னும் தைத்த துணி. நம் ‘கந்தை’ என்ற சொல்லும் வங்காளியரின் ‘காந்தா’ என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை.

பழைய சேலை, வேட்டிகளைப் பல மடிப்பாக அடுக்கி, ஓட்டுத்தையல் போட்டு ஒன்றாக்குவர். தையலுக்கு வேண்டிய வண்ண நூலையும் பழஞ்சேலையின் கரையிலிருந்தே உருவிக்கொள்வர். நடுவே தாமரை, நான்கு மூலைகளிலும் மாங்காய் வடிவமோ மரமோ, இடையே யானை, குதிரை, பல்லக்கு, மீன், பாக்குவெட்டி என்று கண்டதெல்லாம் இடம்பெறும். போர்த்திக்கொள்ளப் பெரியது, விருந்தினர்க்கு விரிக்க ஒன்று, தலையணைக்கு ஒன்று, புத்தகம் பொதிய ஒன்று, கண்ணாடியும் சீப்பும் சுற்றிவைக்க ஒரு சிறியது என வகைகள் பல. இன்று அந்தச் சிறு வகைகளைப் போலவே புதிதாகத் தைத்துச் சுவரில் மாட்டுவதும் வழக்கமாகிவிட்டது.

இவற்றைச் செய்தவர்களுள் பெரும்பாலோர் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் தத்தின் சேகரிப்பில் உள்ள புகழ்பெற்ற காந்தா ஒன்றில் அதைச் செய்தவர் தம் பெயரையே தைத்திருக்கிறார். 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மானதா சுந்தரி என்ற பெண், தன் தந்தைக்காகத் தன் கையால் தைத்தது அது. வெள்ளைக்கார துரைமாரும் சிப்பாய்களும் அதில் அணிவகுக்கிறார்கள். பெண்கள் பள்ளிக்குப் போவதே அரிதாக இருந்த காலத்தில், ஒருத்தி ஊசியால் தன் பெயரை எழுதி வைத்தாள்! அந்தப் பெயர் நமக்குக் கிட்டியது, அதை மதித்துப் பாதுகாத்தவர் ஒருவர் இருந்ததால் அன்றோ?

நம் வீட்டுச் சுவரில்

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் அம்மாயியின் நினைவுதான் வந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அம்மாயிக்குக் கையெழுத்துப் போடவும் தெரியாது. பழஞ்சேலைகளை அடுக்கி, மேலே திருப்பூர் பனியன் கம்பெனிகளிலிருந்து வரும் வண்ணக் கட்பீஸ்களை ஒட்டுப்போட்டு, இரண்டு பைகள் வைத்து அவர் தைத்த சிறு தொங்கல் ஒன்று எங்கள் வீட்டுக் கண்ணாடிக்குக் கீழே தொங்குகிறது. மேல்பையில் சீப்பு, கீழ்ப்பையில் ரேஷன் கார்டும் மின்சார அட்டையும். அதற்கு எங்கள் வீட்டில் தனிப்பெயர்கூடக் கிடையாது. வங்கத்துப் பெண் கண்ணாடிக்கும் சீப்புக்கும் தைத்த துணி அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று சொன்னபோது அம்மாயி நம்பவில்லை. சீப்பு வைக்கிற துணியைப் பார்க்கவா சனங்கள் டிக்கெட் எடுத்துப் போவார்கள் என்று சிரித்தார். நான் ஒரு வெள்ளைத் துண்டில் அவர் பெயரையும் ஊரையும் தைத்த ஆண்டையும் எழுதிக் கொடுத்தேன். அதைப் பின்பக்கத்தில் அவரே வைத்துத் தைத்துக்கொண்டார்.

காக்கும் முறை

சேர்ப்பது பாதி வேலை; காப்பது மறுபாதி. வேதியியல் மாணவன் என்ற முறையில் இதைப்பற்றிச் சிறிது சொல்ல விரும்புகிறேன். பருத்தி என்பது செல்லுலோஸ். வெயிலில் உள்ள புறஊதாக் கதிர்கள் அதன் நீண்ட சங்கிலியை அறுத்து நூலை வலுவிழக்கச் செய்யும். சாயத்தையும் வெளுக்கும். அருங்காட்சியகங்களில் பழந்துணிகளுக்கு 50 லக்ஸ் அளவுக்கு மேல் வெளிச்சம் படாமல் பார்த்துக்கொள்வது இதனாலேயே. இரும்புச்சத்து சேர்ந்த பழங்காலக் கறுப்புச் சாயம் நூலையே அரித்துவிடும். கஞ்சி போட்ட துணியை வெள்ளிப்பூச்சி விரும்பித் தின்னும். ஆகவே, எடுத்துவைக்கும் துணிக்குக் கஞ்சி ஆகாது.

சுவரில் மாட்டுவோர் இரு மூலைகளில் ஆணி அடிக்கக்கூடாது. முழு எடையும் அவ்விரு இடங்களில் இறங்கிக் கிழித்துவிடும். பின்பக்கத்தின் மேல்விளிம்பில் துணிக்குழல் ஒன்று தைத்து, அதில் ஒரு கழியை நுழைத்துத் தொங்கவிட்டால் எடை சமமாகப் பரவும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓதம் ஏறும் சுவரை ஒட்டி மாட்டலாகாது. சில மாதம் மாட்டினால் சில மாதம் கழற்றி, மடிக்காமல் சுருட்டி, பழைய வெள்ளை வேட்டியில் பொதிந்து வைக்கலாம். இதற்கெல்லாம் செலவு அதிகமில்லை, கவனம்தான் வேண்டும்.

மறைவும் அதன் பின்னும்

தத் 1939-இல் காந்தாக் கலையைப் பற்றி ஆங்கில இதழில் ஒரு கட்டுரை எழுதி, அதன் பெருமையை உலகறியச் செய்தார். கல்கத்தாவை அடுத்த ஜோகாவில் நிலம் வாங்கி ‘பிரதசாரி கிராமம்’ அமைக்க முனைந்தார். ஆனால் புற்றுநோய் அவரை 1941 ஜூன் 25-இல் கொண்டுபோயிற்று. அவர் சேர்த்த 2,000-க்கும் மேற்பட்ட பொருள்களைக் கொண்டு, அவர் மறைந்து 22 ஆண்டுகள் கழித்து, 1963-இல் ஜோகாவில் குருசதய் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அங்குள்ள காந்தாக்கள் மட்டும் ஏறத்தாழ 200. பின்னாளில் மத்திய ஜவுளி அமைச்சகத்தின் உதவியுடன் இயங்கிவந்த அந்நிலையத்துக்கு 2017-இல் அவ்வுதவி நிறுத்தப்பட்டது. ஊழியர்கள் ஊதியமின்றித் தவித்தனர். ஒருவர் ஆயுளெல்லாம் சேர்த்ததையும் அடுத்த தலைமுறை கவனிக்காவிட்டால் பூச்சி தின்றுவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நண்பர்களே! பவானி ஜமுக்காளத்துக்கும் சென்னிமலைப் போர்வைக்கும் பெயர் உண்டு, சந்தை உண்டு. நம் வீட்டுச் சுவர்களிலும் தூளிகளிலும் மரப்பெட்டிகளிலும் இருக்கும் தையல்களுக்கோ பெயரில்லை. குருசதய் தத் பெரிய பதவியில் இருந்துகொண்டு செய்ததை நாம் ஒரு ஊசியும் நூலும் ஒரு குறிப்பேடும் கொண்டு செய்யலாம். இந்த விடுமுறையில் ஊருக்குச் செல்வோர் ஒவ்வொருவரும், தம் வீட்டில் அப்படி ஒரு துணி இருந்தால், தைத்தவர் யார், எந்த ஊர், எதற்காகத் தைத்தார் என்று கேட்டு எழுதி வாருங்கள். கேட்டுச் சொல்வதற்கு அவர்கள் இருக்கும்போதே கேட்போமாக!