ஏ. வி. மெய்யப்பச் செட்டியார்

ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் (ஆவிச்சி மெய்யப்பச் செட்டியார், சூலை 28, 1907 – ஆகத்து 12, 1979) தமிழ்நாட்டைச் சேர்ந்த திரைப்படத் தயாரிப்பாளர், இயக்குநர், இசைத்தட்டு வெளியீட்டாளர் ஆவார். ஏவிஎம் என்ற மூன்றெழுத்துச் சுருக்கத்தால் பரவலாக அறியப்பட்ட இவர், ஏவிஎம் புரொடக்சன்ஸ் நிறுவனத்தையும் சென்னை வடபழனியில் உள்ள ஏவிஎம் கலையகத்தையும் நிறுவியவர். தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி ஆகிய மொழிகளில் படங்களைத் தயாரித்தார். தமிழ்த் திரைப்படத்தில் பின்னணிப் பாடல் முறையை அறிமுகப்படுத்தியவராகவும், பாரதியார் பாடல்களைத் திரையில் பாடற்காட்சிகளாக அமைத்துப் பரப்பியவராகவும் அறியப்படுகிறார்.

இளமையும் பின்னணியும்

மெய்யப்பன் காரைக்குடியில் நாட்டுக்கோட்டை நகரத்தார் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இவரது தந்தை ஆவிச்சி செட்டியார் காரைக்குடியில் ஏ. வி. அன்ட் சன்ஸ் என்ற கடையை நடத்தி வந்தார். அக்கடையில் விற்கப்பட்ட பொருட்களில் கிராமபோன் இசைத்தட்டுகளும் அடங்கும். மெய்யப்பன் இளம் வயதிலேயே தந்தையின் வணிகத்தில் சேர்ந்தார். எந்தப் பாடகரின் தட்டு விற்கிறது, எது தேங்குகிறது என்பதைக் கடையில் இருந்தபடியே அறியும் வாய்ப்பு இவருக்குக் கிடைத்தது. பிறர் பதிவு செய்த தட்டுகளை வாங்கி விற்பதைக் காட்டிலும், தாமே கலைஞர்களை அழைத்துப் பதிவு செய்து வெளியிடலாம் என்ற முடிவுக்கு இவர் வந்தார்.

இசைத்தட்டுத் தொழில்

1932 ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்த மெய்யப்பன், கே. எசு. நாராயண ஐயங்கார், சுப்பையா செட்டியார் முதலியோருடன் கூட்டுச் சேர்ந்து சரசுவதி ஸ்டோர்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். செருமனியில் தோன்றிய ஓடியன் இசைத்தட்டுகளின் தென்னிந்திய வணிகம் இந்நிறுவனத்தின் வழியாக நடந்தது. கருநாடக இசை, நாடகப் பாடல்கள், பக்திப் பாடல்கள், பல தட்டுகளில் தொடராக வரும் நாடகங்கள் ஆகியவை அக்காலத்தில் நன்கு விற்பனையாயின.

நிமிடத்திற்கு 78 சுற்றுகள் சுழலும் அக்கால இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடங்களே பதிவு செய்ய முடியும். மேடையில் நெடுநேரம் விரித்துப் பாடப்படும் பாடலை அந்தக் கால எல்லைக்குள் சுருக்கித் தர வேண்டியிருந்தது. பாடகரின் குரல் ஒலிவாங்கியில் எவ்வாறு விழுகிறது என்பதும் விற்பனையைத் தீர்மானித்தது. மேடையில் புகழ்பெற்ற எல்லாக் குரல்களும் தட்டில் எடுபடுவதில்லை. குரலைத் தனியே கேட்டு மதிப்பிடும் இப்பழக்கம் மெய்யப்பனின் பிற்காலத் திரைப்பட முடிவுகளில் தெளிவாகக் காணப்படுகிறது.

திரைப்படத் துறையில் நுழைவு

தமிழின் முதல் பேசும் படமான காளிதாஸ் 1931 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அடுத்த சில ஆண்டுகளில் திரைப்படப் பாடல்கள் இசைத்தட்டு வணிகத்தின் முக்கியப் பகுதியாயின. மெய்யப்பனும் படத் தயாரிப்பில் இறங்கினார். இவரது முதல் படம் அல்லி அர்ஜுனா (1935) கல்கத்தாவில் எடுக்கப்பட்டது. அதே ஆண்டில் ரத்னாவளி வெளிவந்தது. இரண்டு படங்களும் தோல்வியடைந்து பொருள் இழப்பை ஏற்படுத்தின. இருப்பினும் இவர் தொழிலைக் கைவிடவில்லை. பெங்களூரைச் சேர்ந்த திரையரங்க உரிமையாளர் செயந்திலால் என்பவருடன் இணைந்து பிரகதி பிக்சர்ஸ் என்ற நிறுவனத்தின் வழியாக மீண்டும் படமெடுக்க முனைந்தார்.

பின்னணிப் பாடல் முறை

1930களின் தொடக்கத்தில் தமிழ்ப் படங்களில் நடிப்பும் பாட்டும் ஒரே நேரத்தில் பதிவு செய்யப்பட்டன. நடிகர் ஒளிப்படக் கருவியின் முன் நின்று பாட, பக்கவாத்தியக்காரர்கள் கருவியின் பார்வைக்கு வெளியே அமர்ந்து வாசிப்பர். ஒலிவாங்கியை விட்டு நடிகர் அதிகம் விலக இயலாது. ஆடிக்கொண்டே பாடுவது கடினம். யாராவது ஒருவர் தவறினாலும் காட்சி முழுவதையும் மீண்டும் எடுக்க வேண்டும். பாடத் தெரியாதவருக்குத் தலைமை வேடம் கிடைப்பது அரிது.

பின்னணி முறையில் பாடல் முதலில் தனியே பதிவு செய்யப்படும். பின்னர் படப்பிடிப்புத் தளத்தில் அப்பதிவை ஒலிபெருக்கியில் ஒலிக்கச் செய்து, நடிகர் அதற்கேற்ப வாயசைத்து நடிப்பார். ஒலியும் ஒளியும் பிறகு ஒரே படச்சுருளில் இணைக்கப்படும். கல்கத்தா நியூ தியேட்டர்ஸ் நிறுவனத்தின் படங்களில் 1935 ஆம் ஆண்டில் இம்முறை கையாளப்பட்டது.

தமிழில் இம்முறை மெய்யப்பன் தயாரித்த நந்தகுமார் (1938) படத்தில் இடம்பெற்றது. பிற்காலத்தில் புகழ்பெற்ற டி. ஆர். மகாலிங்கம் இதில் சிறுவனாகக் கண்ணன் வேடத்தில் நடித்தார். தேவகி வேடத்தில் நடித்தவரின் பாட்டு மெய்யப்பனுக்கு நிறைவளிக்கவில்லை. நடிகையை மாற்றுவதற்குப் பதிலாக, லலிதா வெங்கட்ராமன் என்ற பாடகியைக் கொண்டு பாடலைப் பதிவு செய்து நடிகையின் வாயசைவுடன் இணைத்தார். தமிழ்த் திரையில் ஒருவர் பாட மற்றொருவர் நடிக்கும் வழக்கத்திற்கு இதுவே தொடக்கமாகக் கருதப்படுகிறது.

இதன் விளைவுகள் பெரியவை. பாடத் தெரியாத நடிகர்களுக்கும், திரையில் தோன்ற விரும்பாத பாடகர்களுக்கும் திரைப்படத்தின் கதவு திறந்தது. அதே நேரத்தில், பாடி நடிக்கும் திறனால் மட்டுமே நிலைபெற்றிருந்த நாடக மேடைக் கலைஞர்களின் இடம் அடுத்த இருபது ஆண்டுகளில் படிப்படியாகச் சுருங்கியது.

இயக்குநராக

நந்தகுமாரை அடுத்துத் தெலுங்கில் வெளிவந்த பூகைலாஸ் (1940) வெற்றி பெற்றது. இதனைச் சுந்தர் ராவ் நட்கர்னி இயக்கினார். பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தைத் தழுவிய சபாபதி (1941) நகைச்சுவைப் படத்தை ஏ. டி. கிருட்டிணசாமியுடன் இணைந்து மெய்யப்பன் இயக்கினார். டி. ஆர். இராமச்சந்திரனும் காளி என். ரத்தினமும் இதில் முக்கிய வேடங்களில் நடித்தனர். கன்னடத்தில் எடுக்கப்பட்ட அரிச்சந்திரா படத்திற்குத் தமிழ்க் குரல் சேர்த்து 1944 இல் இவர் வெளியிட்டார். மொழிமாற்றம் செய்யப்பட்டுத் தமிழில் வெளிவந்த முதல் படம் இது எனப்படுகிறது.

டி. ஆர். மகாலிங்கமும் குமாரி ருக்மணியும் நடித்த ஸ்ரீ வள்ளி (1945) இவருக்குப் பெரும் வெற்றியைத் தந்தது. படப்பிடிப்பு முடிந்த நிலையில் ருக்மணியின் பாடல்கள் எதிர்பார்த்த அளவு அமையவில்லை. அப்பாடல்களைப் பி. ஏ. பெரியநாயகியைக் கொண்டு மீண்டும் பதிவு செய்து, முன்பே எடுக்கப்பட்டிருந்த வாயசைவுகளுடன் பொருத்தினர். பாடலுக்கு ஏற்ப நடிப்பது வழக்கமான பின்னணி முறை. இங்கு எடுத்து முடித்த நடிப்பிற்கு ஏற்பப் பாட வேண்டியிருந்ததால் வேலை மேலும் கடினமானது. மகாலிங்கத்தின் பாடல்களும் இப்படத்தின் வெற்றிக்குக் காரணமாயின.

தேவகோட்டை ரஸ்தாவில் கலையகம்

1945 ஆம் ஆண்டு அக்டோபரில் மெய்யப்பன் தம் பெயரிலேயே ஏவிஎம் புரொடக்சன்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். இரண்டாம் உலகப்போரின் விளைவாகப் படச்சுருள் பங்கீட்டு முறையில் வழங்கப்பட்டு, படங்களின் நீளம் 11,000 அடிக்குள் கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலம் அப்போதுதான் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. சென்னையில் புதிய கலையகத்திற்கு மின்னிணைப்புப் பெறுவதும் எளிதாக இல்லை. எனவே இவர் காரைக்குடிக்கு அருகிலுள்ள தேவகோட்டை ரஸ்தாவில் ஒரு நாடகக் கொட்டகையை வாடகைக்கு எடுத்து, 1946 இல் அதனைக் கலையகமாக மாற்றினார். நடிகர்களும் தொழில்நுட்பக் கலைஞர்களும் அங்கேயே தங்கிப் பணியாற்றினர். நாம் இருவர் (1947), வேதாள உலகம் (1948) ஆகியவை இங்கு உருவானவை. சென்னையில் மின் வசதி கிடைத்ததும் 1948 இல் கலையகம் கோடம்பாக்கம் பகுதிக்கு மாற்றப்பட்டது.

நாம் இருவர்

ப. நீலகண்டன் எழுதிய தியாக உள்ளம் நாடகத்தைத் தழுவி, மெய்யப்பனின் இயக்கத்தில் நாம் இருவர் எடுக்கப்பட்டது. இது 1947 ஆம் ஆண்டு பொங்கலையொட்டி, அதாவது நாடு விடுதலை அடைவதற்கு ஏழு மாதங்களுக்கு முன்பே வெளிவந்தது. ஆர். சுதர்சனம் இசையமைத்த இப்படத்தில் பாரதியார் பாடல்கள் சேர்க்கப்பட்டன. கருநாடக இசை மேடையில் புகழ்பெற்றிருந்த டி. கே. பட்டம்மாள் பின்னணியில் பாட, சிறுமியாக இருந்த குமாரி கமலா ஆடினார். விடுதலையை அடைந்துவிட்டதாகவே எண்ணிக் களிக்கும் பாரதியின் பாடல், உண்மையில் விடுதலை வருமுன்பே ஊர் ஊராகத் திரையரங்குகளில் ஒலித்தது.

இப்பாடற்காட்சிகள் கதையோடு மெல்லிய தொடர்பையே கொண்டவை. ஒரு பாடல், ஒரு பாடகர், ஒரு நடனமணி என்ற அமைப்பில் இவற்றைத் தனியே பார்த்தாலும் முழுமை உடையனவாகவே இருக்கும். அமெரிக்காவில் 1940களில் சவுண்டீஸ் என்ற குறும்பாடற் படங்கள் காசு போட்டால் ஓடும் எந்திரங்களில் காட்டப்பட்டன. தமிழ்நாட்டில் அவ்வகைப் படங்களின் வேலையை முழுநீளப் படத்தின் உள்ளே அமைந்த பாடற்காட்சிகள் செய்தன. படம் பார்த்தவர் தட்டை வாங்கினார். தட்டைக் கேட்டவர் படம் பார்க்க வந்தார். இரண்டு தொழில்களையும் அறிந்திருந்த மெய்யப்பன் இத்தொடர்பை நன்கு பயன்படுத்தினார்.

பாரதியார் பாடல் உரிமை

பாரதியார் 1921 இல் மறைந்தபின் அவரது நூல்களின் உரிமை குடும்பத்தாரிடமும் பதிப்பகத்தாரிடமும் இருந்தது. பாடல்களை இசைத்தட்டில் பதிவு செய்யும் உரிமை மட்டும் தனியே செசிங்லால் மேத்தா என்ற வணிகரிடம் விற்கப்பட்டிருந்தது. அவரிடமிருந்து 1946 ஆம் ஆண்டில் மெய்யப்பன் அவ்வுரிமையை விலைக்கு வாங்கினார். நாம் இருவர், வேதாள உலகம் ஆகிய படங்களில் பாரதி பாடல்கள் பெற்ற வரவேற்பு அவ்வுரிமையின் வணிக மதிப்பைப் பன்மடங்கு உயர்த்தியது.

டி. கே. எசு. சகோதரர்கள் தங்கள் பில்கணன் (1948) படத்தில் பாரதியார் பாடல் ஒன்றைச் சேர்த்தபோது, மெய்யப்பன் தரப்பு தன் உரிமையைக் காட்டி எதிர்ப்புத் தெரிவித்தது. மக்கள் விடுதலைக்காகப் பாடிய கவிஞரின் பாடல் தனியொருவரின் உடைமையாக இருக்கலாமா என்ற கேள்வி இதனால் பொதுவெளிக்கு வந்தது. நாரண துரைக்கண்ணன், டி. கே. சண்முகம் முதலியோர் பாரதி விடுதலைக் கழகத்தின் வழியாக, பாடல்களை நாட்டுடைமையாக்க வேண்டும் என்று இயக்கம் நடத்தினர். சட்டப்படி மெய்யப்பனின் உரிமை செல்லத்தக்கதே. இவர் விலை கொடுத்துப் பெற்றது. அதனைக் கொண்டு பாடல்களைப் பரவலாக்கியவரும் இவரே. ஆயினும் அப்பரவல்தான் அப்பாடல்கள் எல்லோருக்கும் உரியவை என்ற எண்ணத்தை மக்களிடம் வலுப்படுத்தியது.

ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் அரசு இக்கோரிக்கையை ஏற்றது. மெய்யப்பன் தம் உரிமையை இழப்பீடு எதுவும் பெறாமல் அரசுக்கு விட்டுக்கொடுத்தார். 1949 ஆம் ஆண்டில் பாரதியார் படைப்புகளின் உரிமை சென்னை மாகாண அரசின் கைக்கு வந்தது. 1950களின் நடுப்பகுதியில் அவை பொதுமக்களுக்கே உரியவை ஆக்கப்பட்டன. தமிழ்நாட்டில் எழுத்தாளர்களின் படைப்புகளை நாட்டுடைமையாக்கும் வழக்கத்திற்கு இந்நிகழ்வு முன்னோடியாக அமைந்தது.

பிற்காலப் படங்கள்

வாழ்க்கை (1949) படத்தின் வழியாக வைசெயந்திமாலா திரைக்கு அறிமுகமானார். அதன் தெலுங்கு, இந்தி வடிவங்களையும் ஏவிஎம் தயாரித்தது. நேசனல் பிக்சர்ஸ் பெருமாளுடன் இணைந்து தயாரித்த பராசக்தி (1952) சிவாசி கணேசனின் முதல் படமாகும். கன்னட நடிகர் ராச்குமார் கதைத்தலைவனாக அறிமுகமான பேடர கண்ணப்பா (1954) படத்திலும் ஏவிஎம்மின் பங்கு உண்டு. கமல்ஹாசன் குழந்தை நட்சத்திரமாக அறிமுகமானது களத்தூர் கண்ணம்மாவில் (1960). அப்படத்தில் சிறுவன் கமலுக்குப் பின்னணி பாடிய எம். எசு. ராசேசுவரி, தேவகோட்டை ரஸ்தா காலத்திலிருந்தே ஏவிஎம் படங்களில் பாடிவந்தவர்.

பாடல்களால் வளர்ந்த நிறுவனமாக இருந்தும், பாடலே இல்லாத அந்த நாள் (1954) படத்தை மெய்யப்பன் தயாரித்தார். வீணைக் கலைஞரான எசு. பாலசந்தர் இதனை இயக்கினார். ஒரு கொலையைப் பலர் பலவாறு விவரிக்கும் இக்கதையில் பாடலோ நடனமோ சண்டைக் காட்சியோ இல்லை. பின்னணி இசையைச் சரசுவதி ஸ்டோர்ஸ் இசைக்குழுவினர் அமைத்தனர். வெளியான காலத்தில் வசூலில் பின்தங்கினாலும், பிற்காலத்தில் தமிழின் குறிப்பிடத்தக்க படங்களுள் ஒன்றாக இது மதிக்கப்பட்டது.

இந்தியில் சோரி சோரி (1956), குழந்தைகள் படமான அம் பஞ்சி ஏக் டால் கே (1957) முதலியவை வெளிவந்தன. பின்னது சிறந்த குழந்தைகள் படத்திற்கான தேசிய விருதைப் பெற்றது. எம். ஜி. இராமச்சந்திரன் நடித்த அன்பே வா (1966) ஏவிஎம்மின் முதல் தமிழ் வண்ணப்படம் ஆகும்.

மறைவும் நினைவும்

மெய்யப்பச் செட்டியார் 1979 ஆம் ஆண்டு ஆகத்து 12 அன்று மறைந்தார். இவருக்குப் பின் இவருடைய மகன்கள் நிறுவனத்தை நடத்தினர். தம் திரைப்பட வாழ்வின் அனுபவங்களை இவர் நூலாகவும் எழுதியுள்ளார். இந்திய அஞ்சல் துறை 2006 ஆம் ஆண்டில் இவரது உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டது. ஏவிஎம் கலையக வளாகத்தில் பழைய படக்கருவிகளும் வாகனங்களும் கொண்ட அருங்காட்சியகம் 2023 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது.

இயக்கிய படங்கள்

சபாபதி (1941) – ஏ. டி. கிருட்டிணசாமியுடன்
ஸ்ரீ வள்ளி (1945)
நாம் இருவர் (1947)
வேதாள உலகம் (1948)
வாழ்க்கை (1949)