தியாக வாலிபர் வக்கம் அப்துல் காதர்

காத்தோங் பகுதியில் குடியிருக்கும் நமது அன்பர்களும், அங்கு கடை வைத்து வியாபாரம் செய்வோரும் மேயர் ரோட்டை நன்கு அறிவார்கள். அந்தச் சாலையில், கடலைப் பார்த்து நின்ற ஒரு பங்களாவில்தான், 1943-ம் ஆண்டு ஜூலை 2-ந் தேதி சிங்கப்பூர் வந்து சேர்ந்த நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் அவர்கள் தங்கியிருந்தார்கள். 1966-ம் ஆண்டு தொடங்கிய மண் நிரப்பும் வேலையால் கடல் இன்று வெகுதூரம் விலகிப் போய்விட்டது. அந்த நாட்களின் கதையும் அவ்வாறே நம்மை விட்டு விலகிக்கொண்டிருக்கிறது.

நேதாஜியின் அழைப்பைக் கேட்டு இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த வாலிபர்களைப் பற்றியும், ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்திய இளம் பெண்களைப் பற்றியும் நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால், நேதாஜி காத்தோங்கில் தங்கியிருந்த அதே மாதங்களில், மலாயாவிலிருந்து சென்று பிடிபட்ட ஒரு முஸ்லிம் வாலிபர் சென்னைச் சிறையில் தூக்குத் தண்டனையை எதிர்நோக்கிக் காத்திருந்தார். நேதாஜியை ஒரு முறையேனும் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. அவரே வக்கம் அப்துல் காதர். அவரைப் பற்றிச் சில செய்திகளை வாசக நேயர்களுக்கு எடுத்துக் கூற விரும்புகிறோம்.

திருவிதாங்கூர் ராஜ்யத்தில் சிறயின்கீழ் அருகே உள்ள கடலோரச் சிற்றூர் வக்கம். அங்கு 1917-ம் ஆண்டு மே 25-ந் தேதி காதர் பிறந்தார். தந்தை வாவாக்குஞ்ஞு, தாயார் உம்மு சல்மா. தந்தையார் ஆட்களை அக்கரை சேர்க்கும் ஓடம் ஓட்டிப் பிழைத்தவர். செல்வம் இல்லாத வீடு. ஆயினும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய வீடு. மாணவராக இருந்தபோதே காதர், திவான் சர் சி. பி. ராமசாமி ஐயரின் ஆட்சியை எதிர்த்து நடந்த கிளர்ச்சிகளில் கலந்துகொண்டார்.

1938-ம் ஆண்டு, இருபத்தோராம் வயதில், காதர் கப்பலேறி மலாயா வந்தார். நம் பாட்டன்மாரும் தகப்பன்மாரும் எதற்காக வந்தார்களோ அதற்காகத்தான் அவரும் வந்தார். வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டும். பெற்றோரின் பாரத்தைக் குறைக்க வேண்டும். பொதுப்பணி இலாகாவில் அவருக்கு உத்தியோகமும் கிடைத்தது. அத்துடன் அவர் அமைதியாக இருந்திருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் ஊரில் பற்றிய நெருப்பு கடல் கடந்தும் அவர் நெஞ்சில் அணையவில்லை.

1942-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. இந்திய சுதந்திரச் சங்கம் எங்கும் கிளைகள் கண்டது. பினாங்கில் வழக்கறிஞர் என். ராகவன் அவர்களின் பொறுப்பில் சுயராஜ்யப் பயிற்சி நிலையம் ஒன்று ஏற்பட்டது. தாயகத்துக்குள் இரகசியமாகச் சென்று சுதந்திரப் போருக்குத் துணை செய்ய வாலிபர்களுக்கு அங்கே பயிற்சி அளித்தார்கள். காதர் அதில் சேர்ந்தார்.

அவ்வாண்டு செப்டம்பரில் சிலர் பர்மா வழியாகத் தரை மார்க்கமாகவும், சிலர் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலிலும் அனுப்பப்பட்டனர். காதரும் தோழர்களும் நீர்மூழ்கியில் பினாங்கை விட்டுப் புறப்பட்டு, அம்மாத இறுதியில் மலபார்க் கரையில் தானூர் அருகே ரப்பர் படகில் இறங்கினார்கள். ஓடக்காரரின் மகன் படகில் தாயகக் கரை சேர்ந்தார். ஆனால் வீட்டுக்குப் போக அல்ல, போகவும் முடியவில்லை. கரையேறிய சற்று நேரத்திலேயே போலீசார் பிடித்துவிட்டார்கள்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஜப்பானியர் நமது விடுதலையைக் காட்டிலும் தங்கள் யுத்தத்தையே பெரிதாக எண்ணினார்கள். தம்மைக் கேளாமலே பயிற்சி நிலைய வாலிபர்களை அவர்கள் கொண்டுபோனதைக் கண்டித்து ராகவன் அவர்கள் நிலையத்தை மூடினார். அதற்காக வீட்டுக் காவலிலும் வைக்கப்பட்டார். சிங்கப்பூரில் சீன மக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டதையும், சயாம் ரயில் பாதையில் நம் தமிழ்த் தொழிலாளர்கள் மடிந்ததையும் யாரும் மறக்க முடியாது. காதர் சென்ற கப்பல் யாருடையது என்ற கேள்விக்கு அவமானமான பதில் உண்டு. அவர் யாருக்காகச் சென்றார் என்ற கேள்விக்கோ மாசற்ற பதில் உண்டு. இரண்டையும் சேர்த்தே நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

பிடிபட்டவர்கள் சென்னைக்குக் கொண்டுபோகப்பட்டு, எதிரியின் உளவாளிகள் என்று விசாரிக்கப்பட்டார்கள். 1943-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி ஐவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவர்களில் போனிபேஸ் பெரைரா தூக்கிலிருந்து தப்பினார். காதர், அனந்தன், வங்காளத்தைச் சேர்ந்த சத்யேந்திர சந்திர பர்தன், பஞ்சாபைச் சேர்ந்த பௌஜா சிங் ஆகிய நால்வருக்கும் தண்டனை உறுதியாயிற்று. ஒரு முஸ்லிம், இரண்டு இந்துக்கள், ஒரு சீக்கியர். கூடித் துணிந்தவர்கள் கூடியே தூக்குமேடைக்குப் போனார்கள்.

முந்திய இரவு காதர் தம் தந்தைக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் அழுகை இல்லை, முறையீடும் இல்லை. விடியற்காலையில் தாம் விடைபெறப் போவதையும், அது ரமலான் மாதத்தின் வெள்ளிக்கிழமை என்பதையும் அமைதியாக எழுதியிருந்தார். எவ்வளவு தைரியத்தோடு தம் மகன் சென்றான் என்று என்றேனும் ஒரு நாள் நேரில் கண்டவர்கள் சொல்லக் கேட்டுத் தந்தை மனம் நிறைவார் என்றும் நம்பிக்கை கூறியிருந்தார். பணம் அனுப்புவான் என்று மகனைக் கப்பலேற்றிய அந்த ஓடக்காரத் தந்தைக்கு, கடைசியாக வந்து சேர்ந்தது இந்தக் கடிதம்தான்.

1943-ம் ஆண்டு செப்டம்பர் 10-ந் தேதி வெள்ளிக்கிழமை அதிகாலை, சென்னை மத்தியச் சிறையில் தண்டனை நிறைவேற்றப்பட்டது. அப்போது காதருக்கு வயது இருபத்தாறு. அதற்கு 41 நாட்களுக்குப் பின், அக்டோபர் 21-ந் தேதி, நேதாஜி அவர்கள் சிங்கப்பூர் கேத்தே அரங்கில் சுதந்திர இந்தியத் தற்காலிக சர்க்காரைப் பிரகடனம் செய்தார்கள். இந்தியா விடுதலை அடைய இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. அவர் நினைவைப் போற்றி இந்திய அஞ்சல் இலாகா தபால்தலை வெளியிட்டபோது 1998-ம் ஆண்டு ஆகிவிட்டது.

வியாபாரிகளாகிய நாம் எதையும் வரவு செலவு பார்த்தே பழகியவர்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் காதரின் பயணம் நஷ்டம்தான்; சென்ற காரியம் ஒரு நாள்கூட நடக்கவில்லை. ஆனால் சில கொள்முதலின் லாபம் போட்டவன் பெட்டிக்கு வருவதில்லை. பின்னால் வருகிறவர்கள் அனைவருக்கும் அது பங்காகிறது. நாம் பிறந்த ஊருக்குச் சுதந்திரப் பிரஜைகளின் உறவினராகத் தலைநிமிர்ந்து போய் வருகிறோமே, அந்தப் பங்கில் அவர் இட்ட முதலும் அடங்கியிருக்கிறது.

எஸ்பிளனேட் கடற்கரையில், இந்திய தேசிய ராணுவ நினைவுச் சின்னம் நின்ற இடத்தைக் காட்டும் பலகை ஒன்று 1995-ம் ஆண்டு வைக்கப்பட்டது. விடுமுறை நாளில் பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்லுங்கள். அவ்விடத்தில் நின்று, வேலை தேடி மலாயா வந்து, ரமலான் வெள்ளியன்று உயிர் கொடுத்த அந்த வாலிபரின் பெயரை ஒரு முறை சொல்லிக் கொடுங்கள். வல்ல அல்லாஹ் அவரது பிழைகளைப் பொறுத்து, உயர்ந்த சுவனபதியை அளிப்பானாக. ஆமீன்.